டிவிடித் தட்டிலிருந்து படத்துண்டு எடுத்தல்

சேலம் ஏற்காட்டுச் சாலையில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ஆம் ஆண்டில் 'மந்திரி குமாரி'யை வெளியிட்டது. அந்நாளில் படத்தொகுப்பாளர் பிலிம் சுருளை எவ்விடத்தும் வெட்டி ஒட்டலாயினர். வினாடிக்கு 24 வீதம் ஓடும் படங்களுள் ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையுடையதன்றோ?

அந்நிலையம் இன்று இயங்கவில்லை. அதன் படங்களை நாம் பெரும்பாலும் தட்டுகளிலேயே காண்கின்றோம். அவற்றினின்று ஒரு காட்சியை வீட்டுக் கணிப்பொறியிற் பிரித்தெடுக்கப் புகுவோர்க்கு அவ்வெளிமை இல்லை. காரணம் யாதெனில், ஓரடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட்டே. ஆதலின் ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒரு படமே முழுமையாகப் பதியப்பெறும். இடைப்பட்டவை மாறுதல்களை மட்டுமே குறிப்பன. இடைப்படமொன்றில் வெட்டத் தொடங்கின், அடுத்த முழுப்படம் வருமளவும் காட்சி சிதைந்து தோன்றும்.

ஆகவே, தட்டிலுள்ள விஓபி கோப்புகளை முதலில் கணிப்பொறியிற் படியெடுத்துக்கொள்க. பின்னர், லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருளால் முழுப்படம் உள்ள இடம் நோக்கி வெட்டுக. இவ்வாறு வெட்டுங்கால் தெளிவு சிறிதும் குன்றாது. துல்லியமாக வேண்டிய இடத்தில் வெட்டுதற்கு மறுகுறியாக்கம் தேவை. அது செய்யுந்தோறும் தெளிவு குறையுமாதலின், எல்லாத் திருத்தமும் முடிந்தபின் ஒருமுறை மட்டுமே செய்தல் நன்று.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். உரிமையுள்ள படங்களை வெளியிட இசைவு பெறுதல் கடன்.

தட்டும் நாளடைவிற் பழுதுறும். ஆதலின் வெட்டிய துண்டோடு அமையாது, முதற்படியையும் பேணுவோமாக. நம்மூரார் உழைப்பு நம் கையால் மங்குதல் தகாது.