பாட்டியின் பாட்டை எம்பி3 ஆக்குவது எப்படி? - அடாசிட்டியில் செட்டிங்ஸ் முதல் எக்ஸ்போர்ட் வரை

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரில் இருந்து பீஞ்சமந்தைக்கு மலையேறிப் போகிறீர்கள். ஜவ்வாது மலையில் வயதான ஒரு பாட்டி பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் அரை மணி நேரம் போனில் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே இறங்கியதும் பெங்களூருவில் இருக்கும் பேரனுக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபைல் பெரிதாக இருக்கிறது, சிக்னலோ ஒரு கோடுதான்.

ஏதோ ஒரு ஆப்பில் போட்டுச் சுருக்கி அனுப்பிவிட்டு, ஒரிஜினலை டெலிட் செய்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பாடியவருக்கு வயது எண்பது என்றால், அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்ய வாய்ப்பு கிடைக்குமா என்பது சந்தேகமே. அதனால் சுருக்குவதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருப்பது முக்கியம். இதற்கு அடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

எம்பி3 எதைக் குறைக்கிறது?

சிடி தரத்தில் பதிவான ஸ்டீரியோ வேவ் ஃபைல், நொடிக்கு 1,411 கிலோபிட் இடம் எடுக்கும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, அரை மணி நேரத்துக்கு 300 எம்பிக்கு மேல். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 30 எம்பிக்குள் அடங்கிவிடும். கிட்டத்தட்ட 11 மடங்கு குறைவு.

இது எப்படிச் சாத்தியம்? பம்பை ஓங்கி அடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பது நம் காதில் விழாது. அப்படிக் காது எப்படியும் தவறவிடும் ஒலிகளைக் கணக்கிட்டு, அவற்றுக்கான தகவலைக் குறைத்துவிடுகிறது எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் வளர்த்த நுட்பம் இது. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: வெட்டியது வெட்டியதுதான். 128 கேபிபிஎஸ் ஃபைலை மறுபடி 320ல் சேமித்தால் சைஸ்தான் கூடும், போன ஒலி திரும்ப வராது.

‘லேம்’ தனியாக டவுன்லோடு செய்யணுமா?

பழைய யூடியூப் வீடியோக்களில், ‘லேம் ஃபைலை டவுன்லோடு பண்ணி, அடாசிட்டியில் இடம் காட்டுங்க’ என்று சொல்வார்கள். அப்போது அது சரி. எம்பி3க்குக் காப்புரிமை இருந்ததால், அதை உருவாக்கும் லேம் என்ற கருவியை அடாசிட்டி தன்னுடன் சேர்த்துத் தர முடியவில்லை. 2017 ஏப்ரலில் எம்பி3 உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. 2019ல் வெளியான 2.3.2 பதிப்பில் இருந்து, விண்டோஸ், மேக் இரண்டிலும் லேம் உள்ளேயே வருகிறது.

எனவே இப்போது யாராவது லேம் டவுன்லோடு செய்யச் சொன்னால், அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். தெரியாத தளங்களில் இருந்து இறக்கும் ஃபைல்களோடு வைரஸும் வரலாம். அடாசிட்டியையும் அதன் அதிகாரப்பூர்வத் தளமான ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க்கில் இருந்து மட்டுமே எடுங்கள்.

போன் ஃபைல் திறக்கவில்லையே, ஏன்?

பல போன்கள் எம்4ஏ ஃபார்மேட்டில் பதிவு செய்கின்றன. விண்டோஸில் இதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற கூடுதல் லைப்ரரி தேவை. இதை இன்னமும் தனியாகத்தான் நிறுவ வேண்டும். எடிட் → பிரிஃபரன்சஸ் → லைப்ரரிஸ் பகுதிக்குப் போனால் அங்கேயே டவுன்லோடு பட்டன் இருக்கும். நிறுவிய பிறகு அடாசிட்டியை மூடித் திறக்கவும்.

எம்4ஏ ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஃபைல். அதை எம்பி3 ஆக்கும்போது இரண்டாவது முறை வெட்டு விழுகிறது. ரெக்கார்டர் ஆப்பில் வேவ் ஆப்ஷன் இருந்தால், மலையேறும் முன்பே அதை ஆன் செய்துவிடுவது நல்லது.

எக்ஸ்போர்ட்: படிப்படியாக

1. ஃபைலைத் திறந்ததும் முன்னும் பின்னும் உள்ள வெற்று ஒலியை வெட்டுங்கள். காற்றிரைச்சல் மட்டும் இருக்கும் சில நொடிகளை விட்டுவைத்தால், நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாகப் பயன்படும். ஆனால் இரைச்சலை அளவோடு குறையுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும்.

2. முதலில் ஃபைல் → எக்ஸ்போர்ட் ஆடியோ போய், வேவ் அல்லது ஃபிளாக் ஃபார்மேட்டில் ஒரு பிரதி எடுங்கள். இதுதான் உங்கள் மாஸ்டர். ஃபிளாக் என்றால் ஒலி எதுவும் இழக்காமல் சைஸ் குறையும்.

3. மறுபடி எக்ஸ்போர்ட் ஆடியோ. இந்த முறை ஃபார்மேட்டில் எம்பி3. 3.4 பதிப்பு முதல் எல்லா செட்டிங்ஸும் இந்த ஒரே விண்டோவில் இருக்கும்.

4. ஒரே குரல் என்றால் சேனல்ஸில் மோனோ தேர்வு செய்து, 96 அல்லது 128 கேபிபிஎஸ் வைத்தால் போதும். பம்பை, உடுக்கை சேர்ந்த பாட்டு என்றால் ஸ்டீரியோவில் 192க்குப் போங்கள். திடீரென விழும் அடிகளில்தான் குறைந்த பிட்ரேட் முதலில் பல்லிளிக்கும்.

5. பிட்ரேட் மோடில் வேரியபிள் என்றால், தேவைப்படும் இடத்தில் மட்டும் அதிக இடம் எடுத்துக்கொள்ளும். திருவிழா சவுண்டு சர்வீஸ், பழைய கார் பிளேயரில் ஓடவேண்டும் என்றால் கான்ஸ்டன்ட் வையுங்கள். சில பழைய பிளேயர்கள் வேரியபிள் ஃபைலின் நேரத்தைத் தப்பாகக் காட்டும்.

6. மெட்டாடேட்டாவில் பாடியவர் பெயர், ஊர், தேதியை எழுதுங்கள், அவரது சம்மதத்தோடு. இதைச் செய்யாமல் விட்டால், நாலு வாட்ஸ்அப் குரூப் தாண்டியதும் அது யாரோ பாடிய பாட்டாகிவிடும்.

இந்தத் தவறு வேண்டாம்

‘சேவ் ப்ராஜெக்ட்’ கொடுத்தால் ஏயுபி3 என்ற ஃபைல் உருவாகும். அது அடாசிட்டிக்குள் மட்டுமே திறக்கும், போனில் பாடாது. அதைப் பேரனுக்கு அனுப்பிவிட்டு, ‘ஓப்பன் ஆகலையே’ என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அனுப்ப வேண்டியது எக்ஸ்போர்ட் செய்த எம்பி3 மட்டும்தான்.

எம்பி3 ஃபைலை மறுபடி எடிட் செய்து மறுபடி எம்பி3 ஆக்குவதையும் தவிருங்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொரு முறையும் தரம் தேயும். திருத்தம் தேவை என்றால் மாஸ்டரில் இருந்தே தொடங்குங்கள்.

கடைசியாக, போனில் பதிவான ஒரிஜினல், மாஸ்டர் இரண்டையும் பென்டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். எம்பி3 தொலைந்தால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று எடுத்துவிடலாம். ஒரிஜினல் தொலைந்தால், மறுபடி மலையேறித்தான் ஆகவேண்டும். பாட அந்தப் பாட்டி இருக்க வேண்டும்.