மதிப்பீடும் கடனும்

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் நெடுங்காலம் வாடகைக் கடையில் வாணிகம் புரிந்த நம்மவர் பலருக்கு, சொந்தமாக ஒரு கடைக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் பிறப்பது இயல்பே. "கட்டி முடித்தால் ஐந்து கோடி பெறும் என்று மதிப்பீட்டாளரே எழுதிவிட்டார், இனிப் பணத்திற்குக் கவலை இல்லை" என்று அவர்கள் மகிழ்வதும் உண்டு. அந்த மதிப்பைப் பாங்கு எவ்வாறு கையாளுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

எழும்பாத கட்டடத்திற்கு மதிப்பு ஒன்றல்ல. மனை இன்றுள்ளபடி பெறும் விலை ஒன்று. கட்டடம் முடிந்தபின் பெறக்கூடிய விலை மற்றொன்று. அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கும் விலை மூன்றாவது. முத்திரைத் தீர்வைக்காக அரசு வகுக்கும் மதிப்பு வேறு. மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர் என்றும், தில்லியில் சர்க்கிள் ரேட் என்றும் வழங்குவது அதுவே.

வாடகைக்கு விடும் கட்டடத்தின் மதிப்பைப் பெரும்பாலும் வருமானத்தைக் கொண்டே கணிக்கின்றனர். ஓர் உதாரணம் கொள்வோம். செலவு போக ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வாடகை வருமென்று எதிர்பார்க்கிறோம். முதலீட்டாளர் நூற்றுக்கு 8 ரூபாய் வருவாய் போதுமென்று கருதினால் மதிப்பு 5 கோடி. 10 ரூபாய் வேண்டுமென்றால் மதிப்பு 4 கோடிதான். ஒரு செங்கல்லும் பெயராமலே ஒரு கோடி கரைந்துவிடுகிறது!

ஆகவே எச்சரிக்கையுள்ள பாங்கு, அடக்கச் செலவு, மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொள்ளும். மனையும் சேர்ந்து அடக்கம் 4.5 கோடி என்றும், கடன் வீதம் நூற்றுக்கு 60 என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பு 5 கோடியானால் கடன் 2.7 கோடி, நம் கைமுதல் 1.8 கோடி. மதிப்பு 4 கோடியானால் கடன் 2.4 கோடி, கைமுதல் 2.1 கோடி. அந்த 30 லட்சத்தை நாமே தேட வேண்டும்.

கடனும் ஒரே தொகையாக வருவதில்லை. அஸ்திவாரம், தளங்கள், பூச்சு வேலை எனப் படிப்படியாகப் பொறியாளர் பார்த்துச் சான்றளித்த பின்னரே தவணை விடப்படும். பாதியில் நின்ற கட்டடம் போட்ட பணத்திற்குக்கூட விலை போகாது என்பதே இதற்குக் காரணம். 50 கோடியும் அதற்கு மேலும் பெறும் சொத்துக்களுக்கு இரண்டு தனித்தனி மதிப்பீடுகளேனும் பெறுமாறு 2007-இல் ரிசர்வ் பாங்கு அறிவுறுத்தியதும் இத்தகைய எச்சரிக்கையினாலேயே.

மதிப்பீடு கடன் கொடுப்பவரின் காப்புக்காக எழுதப்படுவது. கடன் வாங்குபவருக்கு அளிக்கும் உறுதிமொழி அன்று. ஆதலால் அறிக்கை கைக்கு வந்ததும் மூன்றைக் கவனிப்போம்: அது எந்த நாளைய மதிப்பு, எவ்வளவு வாடகையை எதிர்பார்க்கிறது, எந்த வருவாய் வீதத்தில் கணித்தது. வாடகை சற்றுக் குறைந்தாலும், வேலை சில மாதம் தாமதித்தாலும் தாங்கக்கூடிய கைமுதல் இருந்தால் மட்டுமே கடைக்கால் தோண்டுவோம். வேற்றூரில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள், பாதிச் சுவராக நின்றுவிடலாகாது.