பாட்டியின் கஞ்சியும் கிரீட் தீவின் ரொட்டியும்



உலகின் சிறந்த உணவுமுறை எது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 'மத்தியதரைக் கடல் உணவுமுறை' என்றுதான் விடை வரும். ஆலிவ் எண்ணெயின் விலையைப் பார்த்ததும், "இது நமக்குச் சரிப்படாது" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் சாப்பிட்ட உணவை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அமெரிக்க அறிவியலாளர் அன்சல் கீஸ் 1958-இல் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சுமார் 12,700 ஆண்கள் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களில், கிரேக்க நாட்டின் கிரீட் தீவினரிடையே இதயநோய் மரணம் மிகக் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் செல்வந்தர்கள் அல்லர், பெரும்பாலும் விவசாயிகள்.

இரண்டு தட்டுகள்

தானியம்: அங்கே முழுத்தானிய ரொட்டி. இங்கே புழுங்கலரிசிச் சோறு, கேழ்வரகுக் கஞ்சி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெள்ளை அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை.

பருப்பு: அங்கே கொண்டைக்கடலை. இங்கே துவரம்பருப்பு, பாசிப்பயறு.

கீரை: அங்கே வயலோரத்தில் பறித்தது. இங்கே லயத்தின் பின்புறம் வளர்ந்த முருங்கை.

புளித்த உணவு: அங்கே தயிர். இங்கே மோர், பழைய சோறு.

இறைச்சி: இரண்டு இடங்களிலும் எப்போதாவதுதான்.

ஜெலுபுவில் நடந்த சோதனை

தானியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நெகிரி செம்பிலானிலேயே ஒரு சான்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் செயலிழக்கும். இம்மாநிலத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களுக்கே நோய் வந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. கெட்டுப்போன வெள்ளை அரிசியில் உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று அவர் கருதினார்.

1907-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் அதைச் சோதிக்க முற்பட்டனர். ஜெலுபு வட்டாரத்தின் டுரியான் திப்புசில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, மற்றொன்றுக்குப் புழுங்கலரிசி. சில மாதங்களில் வெள்ளை அரிசிக் குழுவில் மட்டும் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. மனிதர்களுக்கு நோய் வரட்டும் என்று காத்திருக்கும் இத்தகைய சோதனைக்கு இன்று அனுமதி கிடைக்காது.

அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை. தீட்டும்போது ஒரு சத்து போய்விடுகிறது என்பது தெளிவானது. அந்தச் சத்துதான் வைட்டமின் பி1. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தவிடு நீங்கினாலும் சத்தில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு

பாட்டியின் உணவில் எல்லாமே சிறப்பு என்று சொல்ல முடியாது. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் அது சுமார் 14 விழுக்காடுதான். கருவாட்டில் உப்பு அதிகம். கூலி போதாமல் அரை வயிற்றோடு படுத்த நாட்களும் உண்டு. அதோடு, அவர்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பால்மரங்களை நடந்தே வெட்டினார்கள். அந்த உழைப்பு இன்று நம்மிடம் இல்லை.

இன்று நம் தட்டில் வெள்ளைச் சோறு குவிந்திருக்கிறது. பருப்பும் கீரையும் சுருங்கிவிட்டன. பக்கத்திலேயே இனிப்பு பானம். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று நாட்கள் நீங்கள் உண்பதை எழுதி வையுங்கள். முழுத்தானியம், பருப்பு, கீரை, புளித்த உணவு, இனிப்பு பானம் என ஐந்து கட்டங்கள் போட்டு நிரப்புங்கள். பிறகு பாட்டியிடம் உட்கார்ந்து, அவருடைய பதினைந்தாவது வயதுக்கும் அதே கட்டங்களை நிரப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளைய காலை உணவில் எதை மாற்றலாம் என்று உங்களுக்கே தெரியும்.