மென்துகள்களின் ஓட்டம்: குருதியும் கணினியும்

தீபாவளிக்கு முந்தைய நாள்களில் கேம்பல் லேன் கடைத்தெருவில் நடந்த நாம் அனைவரும் ஒன்றைக் கண்டிருப்போம். கடையோரத்தில் நிற்போர் மெல்ல நகர்கின்றனர். நடுவில் செல்வோர் விரைகின்றனர். தோளை ஒடுக்கிக்கொள்பவர் நெரிசலைக் கடந்துவிடுகிறார். பெரிய பெட்டியுடன் வருபவரோ வழியையே அடைத்துவிடுகிறார். நம் குருதியின் ஓட்டமும் ஏறத்தாழ இத்தகையதே.

குருதி ஒரு தொங்கல். அதன் கனவளவில் 40 முதல் 45 விழுக்காடு செவ்வணுக்கள். செவ்வணுவின் விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர். நுண்குழாய்கள் சில அதனினும் குறுகியவை. அணு வளைந்து கொடுப்பதாலேயே அவற்றைக் கடக்கிறது.

பாய்மத்தின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றின்மீது ஒன்று வழுக்கிச் செல்வதைச் சறுக்குப்பெயர்ச்சி என்கிறோம். அதன் வேகம் மாறினாலும் நீரின் பாகுநிலை மாறுவதில்லை. குருதியோ மெல்ல ஓடும்போது தடித்தும், விரைந்து ஓடும்போது இளகியும் இருக்கும். மெல்லோட்டத்தில் செவ்வணுக்கள் நாணய அடுக்குகளைப்போல் ஒட்டிக்கொள்கின்றன. விரைவோட்டத்தில் அவை பிரிந்து, நீண்டு, ஓட்டத்திற்கு இசைகின்றன.

இதனை ஏட்டிலேயே கணக்கிட்டு முடித்தல் அரிது. ஓரணுவின் வடிவம் அருகிலுள்ள பாய்மத்தை மாற்றுகிறது. மாறிய பாய்மம் அடுத்த அணுவின் வடிவை மாற்றுகிறது. ஆகவே கணினிப் பாவனை தேவைப்படுகிறது. 1992இல் ஹோகர்புருகெ, கூல்மன் இருவரும் அறிமுகப்படுத்திய முறையில், பாய்மம் சிறுசிறு துளிக்கூட்டங்களாகக் கொள்ளப்படுகிறது. செவ்வணுவின் சவ்வு, சுருள்விற்களால் பின்னிய வலையாக அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு நுண்கணத்திலும் விசைகளைக் கூட்டி, துகள்களை நகர்த்தி, மீண்டும் கணக்கிடுகிறது கணினி.

ஆயினும் அச்சுருள்வில்லின் விறைப்பு எவ்வளவு எனக் கணினி தானாக அறியாது. ஆய்வகமே அளந்து சொல்லவேண்டும். சென்னை ஐஐடியில் பயின்று, 2018 முதல் 2022 வரை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த சுப்ரா சுரேஷ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ டெக் முதலியோருடன் சேர்ந்து இவ்வளவீட்டைச் செய்தார். மலேரியா தொற்றிய செவ்வணுக்களை ஒளிக்கற்றையால் பற்றி இழுத்த அவ்வாய்வு 2005இல் வெளிவந்தது. தொற்று முற்றிய நிலையில் அணு ஏறத்தாழ 10 மடங்கு விறைக்கக்கூடும் என அது காட்டியது. இத்தகைய அளவுகளைக் கொண்டு பின்னர்ச் செய்த பாவனைகளில், தொற்றிய அணுக்கள் கலந்த குருதிக்கு ஓட்டத்தடை மிகுவது புலனாயிற்று. கடைத்தெருவில் பெட்டி தூக்கி வந்தவரை இங்கு நினைவுகூரலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். தேக்கா சந்தையில் கிடைக்கும் சவ்வரிசியை வேகவைத்து நீரில் மிதக்கவிட்டு, ஒரு புனலில் ஊற்றச் செய்யுங்கள். பிறகு, ஏறத்தாழ அதே அளவுள்ள கடினமான பருப்பை நீருடன் ஊற்றச் செய்யுங்கள். எது அடைக்கும் என்பதை மாணவர்கள் முதலில் ஊகித்து எழுதட்டும். பின்னர் அளந்து ஒப்பிடட்டும். ஊகமும் அளவும் முரண்பட்டால் திருத்தவேண்டியது ஊகத்தையே. கணினிப் பாவனைக்கும் இதுவே விதி.