வராத நோயாளிக்கு வந்ததாக ஒரு கணக்கு!

புது தில்லி: ஓராண்டு நடைபெறும் புதிய மருந்துப் பரிசோதனை ஒன்றில் சேர்ந்தவர், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு வரவில்லை. ஆனால், இறுதி அட்டவணையில் அவருக்குரிய இடம் காலியாக இல்லை. மூன்றாம் மாதத்தில் எடுத்த அளவே பன்னிரண்டாம் மாத அளவாகவும் இடம்பெற்றிருக்கிறது.

இது மோசடியல்ல. கடைசியாகக் கிடைத்த அளவையே இறுதிவரை நீட்டிக்கும் இம்முறை, பல ஆண்டுகளாக உலகெங்கும் மருந்து ஆய்வுகளில் ஏற்கப்பட்டிருந்த ஒன்று. எளிமையானது, ஆய்வில் சேர்ந்த எவரையும் விட்டுவிடாதது, மருந்துக்குச் சாதகமாகச் சாயாதது என்று இதற்கு ஆதரவாகக் கூறப்பட்டது. கடைசியாகக் கூறப்பட்ட காரணம்தான் சிக்கலானது.

சரிவை மறைக்கும் எண்: அல்சைமர் என்னும் மறதி நோயில் நினைவாற்றல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். 30-க்கு 22 மதிப்பெண்ணுடன் ஆய்வில் சேர்ந்த முதியவர் ஒருவர், மூன்றாம் மாதத்தில் 21 பெற்று, மருந்தால் ஏற்பட்ட வாந்தி தாளாமல் விலகுகிறார் என வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அவரது உண்மை நிலை 17 ஆக இருக்கலாம். கணக்கிலோ 21 என்றே நிற்கும்.

போலி மாத்திரை பெற்றவர்களுக்கு அத்தகைய வாந்தி இல்லை. அவர்கள் கடைசிவரை வருகிறார்கள்; அவர்களது சரிவு முழுமையாகப் பதிவாகிறது. விளைவு? பக்கவிளைவால் ஆட்களை விரட்டிய மருந்தே, நோயைத் தடுத்து நிறுத்திய மருந்தாகத் தோற்றமளிக்கிறது. இந்நோய்க்கான மருந்துகள் பற்றி 1990-களில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இம்முறை கையாளப்பட்டது.

தானாகவே ஓரளவு தணியக்கூடிய மனச்சோர்வு போன்ற நோய்களில் பிழை எதிர்த்திசையிலும் செல்லக்கூடும். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிக் கூற இயலாத தராசு இது.

மாறிய விதி: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2010-ல் அறிக்கை அளித்தது. அறிவியல்பூர்வமான நியாயம் இருந்தாலன்றி, இம்முறையை முதன்மைக் கணக்கீடாகக் கொள்ளலாகாது என்றது அது. மருந்தை நிறுத்தியவரையும் தொடர்ந்து சந்தித்து அளவெடுங்கள் என்பதும் அதன் முக்கியப் பரிந்துரை. எவ்வளவு நுட்பமான புள்ளியியல் முறையும் எடுக்காத அளவுக்கு ஈடாகாது.

எண்ணப்படாதவர்கள்: இந்தியாவில் மருந்துப் பரிசோதனை தொடர்பாக, இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2005 முதல் 2012 ஜூன் வரை 475 புதிய மருந்துகளின் பரிசோதனைகளின்போது 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 இறப்புகளுக்கே பரிசோதனை காரணம் என்றும் 2013-ல் மத்திய அரசு தெரிவித்தது. இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019-ல் புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனைகளுக்கான தனி விதிகளும் அறிவிக்கப்பட்டன.

இறந்தோர் குறித்துக் கேள்வி எழுந்தது. இடையில் விலகியோர் குறித்து? ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவழித்து வர இயலாதவரும், மருந்து ஒவ்வாமல் ஒதுங்கியவரும் அட்டவணையில் ஒரே பழைய எண்ணாக மாறிவிடுகின்றனர். அவர் ஏன் வரவில்லை என்பதே அந்த மருந்தைப் பற்றிய முக்கியச் செய்தியாக இருக்கக்கூடும்.

எனவே, ஒரு மருந்து வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகள் எழுப்பப்பட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் விலகினர்? ஏன் விலகினர்? அவர்களது காலி இடங்கள் எவ்வாறு நிரப்பப்பட்டன? தில்லியில் அனுமதி வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும், மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களும், நாடாளுமன்ற உறுப்பினர்களும் இவற்றுக்கு விடை கேட்க வேண்டும். ஏனெனில், அந்த மருந்தை நாளை வாங்கி உட்கொள்ளப் போகிறவருக்கு அட்டவணையில் நிரப்பிய எண் உதவாது.