தேள் கொட்டினால் திருநீறும் மருந்தும்

புதுக்கோட்டை மாவட்டம் பாறையும் செம்மண்ணும் கலந்த பூமி. பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை முத்துமாரியம்மனை நாடி வருவோர் வெறுங்காலுடன் நடப்பதும், இரவில் வெட்டவெளியில் படுப்பதும் வழக்கம். பாறை இடுக்கும் விறகுக் குவியலும் தேள்களின் இருப்பிடங்கள். உருவில் பெரிய கருந்தேளைவிடச் சிறிய செந்தேளே கொடியது.

தேள் கொட்டியதும் மந்திரித்துத் திருநீறு இடுவது நம் முன்னோர் வழக்கம். பெரும்பாலோருக்குக் கடுப்பு மட்டுமே உண்டாகி, ஒரு நாளில் தானே தணியும். ஆனால் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சு இதயத்தைத் தாக்கும். உடல் முழுதும் வியர்த்தல், வாந்தி, கைகால் சில்லிடுதல், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். இரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் மகாராஷ்டிர மாநிலம் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்படும் பிராசோசின் என்ற எளிய மாத்திரை இறுகிய குழாய்களைத் தளர்த்தி உயிர் காப்பதை, 1986-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். அதற்கு முன் கடும் நஞ்சேறியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டனர். பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தேள் நஞ்சுக்கான முறிமருந்தும் இன்று உண்டு. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வீட்டில் இம்மாத்திரை இருந்தாலும் தாமே கொடுத்தல் கூடாது. இரத்த அழுத்தம் திடீரெனக் குறையக்கூடும். எடைக்கேற்ற அளவை மருத்துவரே அறிவார். கொட்டிய இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விடியலில் கோயிலுக்குப் புறப்படுவோர் கைவிளக்கு ஏந்துவதும், பாயை உதறிப் படுப்பதும் நல்ல காப்பு.

இத்தகைய வேளையில் இல்லத்தார் எதிர்நோக்குவது பெரியோரின் சொல்லையே. "முதலில் மருத்துவமனை" என்று அவர்கள் சொல்லிவிட்டால் பேரப்பிள்ளையின் உயிருக்கு அதுவே அரண். நெற்றியில் திருநீறு இட்டு, அம்மனை நினைந்தபடியே வண்டியில் ஏறலாம். பிரார்த்தனைக்கு வழிப்பயணம் தடையன்று. மருந்தும் மருத்துவரும் அவள் அருளின் வடிவங்களே.