சரக்குக்கு முன் நகரும் காகிதம்: சுங்கத் தரகர் பணி

திருவொற்றியூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடியேதான் எங்கள் மாணவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். துறைமுக வேலை என்றதும் ஓட்டுநர், சுமை ஏற்றுபவர், கிரேன் இயக்குபவர் என்பார்கள். சரக்கு நகர அதன் ஆவணங்களும் சரியாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் சுங்கத் தரகரைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டதில்லை.

ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி என்ற ஆவணத்தை இணையவழியில் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு அடிப்படை 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டம். நிறுவனங்களுக்காக ஆவணம் தயாரித்து, விதிகளை எடுத்துச் சொல்லி, ராஜாஜி சாலையிலுள்ள சுங்க இல்லம் போன்ற அலுவலகங்களில் அவர்கள் சார்பில் செயல்படுபவரே தரகர். சட்டத்தின்படி நடக்குமாறு வாடிக்கையாளரிடம் சொல்வதும், அவர் கேட்காவிட்டால் சுங்க அதிகாரிக்குத் தெரிவிப்பதும் அவரது கடமை. நேர்மைதான் இத்தொழிலின் முதலீடு.

இப்பணியின் உயிர்நாடி வகைப்படுத்தல். உலக நாடுகள் பொருள்களுக்குப் பொதுவான 6 இலக்கக் குறியீட்டைப் பின்பற்றுகின்றன. இந்தியாவில் அது 8 இலக்கமாக விரிகிறது. உறையவைத்த இறால் 3ஆம் அத்தியாயத்தில் வரும். அதே இறாலை ரொட்டித்தூளில் புரட்டித் தயாரித்தால் 16ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். குறியீடு மாறினால் வரியும் மாறலாம். தவறாகக் குறித்தால் அபராதம், தாமதம், துறைமுகத்தில் கூடுதல் வாடகை எனச் செலவு ஏறும்.

வெளிநாட்டு அரசின் முடிவுகளையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இறால் ஏற்றுமதியாளர்கள் பெரும் நெருக்கடிக்கு உள்ளானார்கள். அத்தகைய நேரத்தில் விதியைப் படித்து விளக்கும் ஆலோசகரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

இதற்கான பாடம் நம் வகுப்பிலேயே இருக்கிறது. 1,00,000 ரூபாய் மதிப்புள்ள இறக்குமதிப் பொருளுக்குச் சுங்க வரி 10 சதவீதம், அவ்வரியின் மீது சமூக நல மேல்வரி 10 சதவீதம், ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 10,000, மேல்வரி 1,000. ஜி.எஸ்.டி. 1,11,000 ரூபாய்க்குக் கணக்கிடப்படுவதால் 19,980. மொத்தம் 30,980 ரூபாய். சதவீதக் கணக்கு உயிர்பெறும் இடம் இது. வீட்டுப் பொருள்கள் பத்தைக் கொடுத்து, ‘எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது’ என்று வகைப்படுத்தச் சொன்னால் அறிவியலும் சேர்ந்துகொள்ளும்.

வழி என்ன? பிளஸ் 2 முடித்தவர் தரகு நிறுவனத்தில் உதவியாளராகச் சேரலாம். பணியில் இருந்தபடியே சுங்கத்துறைத் தேர்வில் வென்றால் ‘ஜி கார்டு’ பெறலாம். பட்டதாரியான ஜி கார்டுதாரர் 2 ஆண்டு அனுபவத்துக்குப் பின் உரிமத்துக்கான எழுத்து, வாய்மொழித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2018ஆம் ஆண்டின் உரிம ஒழுங்குமுறைகள் இதற்கு வகைசெய்கின்றன.

உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பில் மருத்துவம், பொறியியலோடு இப்பணியையும் சொல்வோம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்கள் அருகிலிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, லாரியில் என்ன போகிறது என்பதோடு அது எந்த விதியின்படி போகிறது என்பதும் தெரியட்டும்.